வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த ஸ்பைவெயார் கிளீனர் நல்லம்? மூண்டு போட்டும் சரிவரல்ல, உதவி தேவை

கல்லாறு ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு டெஸ்க்டொப் இரிக்கி, ஐ5 நாலாம் ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ரெண்டு வருசத்துக்கு முந்தி மட்டக்களப்பு டவுன்ல செகண்ட்ஹேண்டா எடுத்தது, விண்டோஸ், ஒப்பிஸ் எல்லாம் கடையிலயே போட்டுத்தான் தந்தவங்க. என்ட பரீட்சைப் பேப்பர், மார்க்ஸ் ஷீட் எல்லாம் அதுலதான் கிடக்கு, மகன் ஏ.எல் எடுக்கப் போறான், அவன்ட ஒன்லைன் கிளாசும் அதுலதான்.

ஒரு மாசமா கரைச்சல். வலப்பக்கம் கீழ் மூலையில "உங்கட கொம்பியூட்டர்ல 5 வைரஸ்" எண்டு சிவப்புப் பெட்டி ஒண்டு வருது, மூடினா ரெண்டு மூணு நிமிசத்தில மறுகா வருது. குரோமைத் திறந்தா கூகிள் வராம பேர் தெரியாத வேற தேடுற பக்கம் ஒண்டு வருது. இதையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருந்த, ஆனா போன கிழமை என்ட பேஸ்புக்ல இருந்து கூடப் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கு நான் அனுப்பாத லிங்க் போயிருக்கு, ஒரு ரீச்சர் இரவு 10 மணிக்கு கோல் எடுத்து "நீங்க அனுப்பினதா இது" எண்டு கேட்டவ, அப்பதான் நெஞ்சு பதறிட்டு.

விண்டோஸோடயே வாற டிபெண்டர்ல ஸ்கான் பண்ணினா ஒண்டுமே இல்ல எண்டு பச்சை டிக் காட்டுது. மல்வெயார்பைட்ஸ் போட்டன், மூண்டு பிடிச்சு அழிச்சது, அடுத்த நாள் அதே மூண்டும் திரும்ப நிக்குது. பிறகு ஸ்பைபொட் போட்டன், அதோட சூப்பர் ஆன்டிஸ்பைவெயாரும் போட்டன், அது 300க்கு மேல காட்டிப் பயப்படுத்திட்டு. இப்ப கொம்பியூட்டர் ஓன் பண்ணிட்டு தேத்தண்ணி போட்டுக் குடிச்சு முடியிற வரைக்கும் டெஸ்க்டொப் வாறல்ல. இதுகள்ல எது நல்லம், காசு குடுத்து வாங்கத்தான் வேணுமா? கடையில கேட்டா ஃபோர்மட் அடிக்கச் சொல்லுறாங்க.

வாழைச்சேனை:
அவாஸ்ட் ஃப்ரீ போடுங்க ரீச்சர். நான் கனகாலமா அதான் பாவிக்கிற, பிரச்சினை ஒண்டும் இல்ல.

காத்தான்குடி ரிப்பேர்:
ரீச்சர், இன்னும் ஒண்டையும் புதுசா போடாதீங்க. நான் 14 வருசமா கொம்பியூட்டர் திருத்துற ஆள், உங்கட கதையில எனக்கு ஒரு இடம்தான் இடிக்கிது. மல்வெயார்பைட்ஸ் பிடிக்கிறத டிபெண்டர் காணவே இல்ல. இப்பத்த டிபெண்டர் அவ்வளவு குருடு இல்ல. 2004 கடைசியில மைக்ரோசொஃப்ட் ஜயன்ட் எண்ட கம்பனிய வாங்கி, அவங்கட ஆன்டிஸ்பைவெயாரத்தான் டிபெண்டர் ஆக்கினது, விண்டோஸ் 8ல இருந்து அது முழு ஆன்டிவைரஸ். அது கண்ணை மூடிட்டு இருக்கெண்டா ஆரோ மூடி வச்சிருக்கணும்.

இத மட்டும் பாத்துச் சொல்லுங்க. விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதுக்குள்ள மேனேஜ் செட்டிங்ஸ், அப்படியே கீழ கடைசி மட்டும் இறங்கினா எக்ஸ்க்ளூஷன்ஸ் எண்டு இரிக்கும், டிபெண்டர் பாக்காம விடுற இடங்கள்ட லிஸ்ட் அது. அந்த லிஸ்ட்ல என்ன எழுதிக் கிடக்கு? ஒண்டும் இல்லாம வெறுமையா இருக்கணும்.

திருக்கோவில் பொடியன்:
அக்கா, அந்தச் சிவப்புப் பெட்டி வைரஸே இல்ல, நோட்டிபிகேஷன். அடுத்த முறை வரக்குள்ள அமத்தாம உத்துப் பாருங்க, பெட்டிக்குள்ள சின்ன எழுத்துல கூகிள் குரோம் எண்டும் ஒரு சைட்டுட பேரும் இரிக்கும். படமோ மேட்சோ பாக்கப் போன இடத்தில "அலோ அமத்தினாத்தான் வீடியோ ஓடும்" எண்டு காட்டியிருக்கும், ஆரோ அமத்திட்டாங்க. குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் போங்க, அலோ லிஸ்ட்ல தெரியாத பேர் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்க.

மற்றது, அழிச்சது திரும்ப வாறதுக்குக் காரணம் அநேகமா குரோம் சிங்க், அதாவது குரோம்ல உள்ளத கூகிள் அக்கவுண்டோட ஒண்டாக்கி வைக்கிறது. கெட்ட எக்ஸ்டென்ஷன் (குரோம்ல ஒட்டுற சின்ன புரோகிராம்) உங்கட கூகிள் அக்கவுண்ட்லயும் சேவ் ஆகி இரிக்கும், இங்க அழிச்சா அங்க இருந்து இறங்கிரும். சிங்க்க ஓஃப் பண்ணிட்டுத்தான் கிளீன் பண்ணணும்.

காரைதீவு:
வாழைச்சேனை அண்ணன் குறை நினைக்காதீங்க, அவாஸ்ட் வைரஸ் பிடிக்கிறதுல குறை சொல்ல ஏலாது. ஆனா ரீச்சர் தேடுறது உளவு பாக்காத ஒண்டு. அவாஸ்ட் தன்ட ஜம்ப்ஷொட் எண்ட கம்பனி மூலமா, பாவிக்கிற ஆக்கள் எந்தெந்த சைட்டுக்குப் போற எண்ட விபரத்த வித்தது வெளிய வந்து, 2020ல ஜம்ப்ஷொட்ட மூடினாங்க, 2024ல அமெரிக்காவுட நுகர்வோர் பாதுகாப்பப் பாக்கிற எஃப்.டி.சி 165 லட்சம் டொலர் கட்டச் சொன்னது. இப்ப அந்த வியாபாரம் இல்ல, ஆனா எனக்கு அதுக்குப் பிறகு மனம் வரல்ல.

கல்லாறு ரீச்சர்:
தம்பி, நோட்டிபிகேஷன்ல நான் கேள்விப்படாத பேர் 11 இருந்திச்சு, எல்லாத்தையும் எடுத்திட்டன், பெட்டி நிண்டிட்டு.

ரிப்பேர் செய்யிற நானா, நீங்க சொன்ன இடத்துக்குப் போனன். ரெண்டு வரி கிடக்கு. ஒண்டுல "சி" எழுத்து, பக்கத்தில ரெண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும், வேற ஒண்டும் இல்ல. மற்றது மகன்ட டவுன்லோட்ஸ் ஃபோல்டர். மகனைக் கேட்டன், கேம் ஒண்டுக்கு மொட் (கேம மாத்துற வெளி ஃபைல்) போடக்குள்ள வீடியோவுல டிபெண்டர ஓஃப் பண்ணிட்டு ஃபோல்டரச் சேர்க்கச் சொன்னதாம், சேர்த்தானாம். "சி" எழுதினது அவன் இல்லையாம்.

காத்தான்குடி ரிப்பேர்:
அதான் ரீச்சர். "சி" எண்டா முழு சி டிரைவையும் பாக்காத எண்டு அர்த்தம். விண்டோஸ், டவுன்லோட் எல்லாம் அதுக்குள்ளதான். காசு கட்டாம விண்டோஸ அக்டிவேட் பண்ணுற சாமான் போடக்குள்ள இப்படி எழுதிருவாங்க, இல்லாட்டி டிபெண்டர் அந்தச் சாமானையே பிடிச்சிரும். வேற சில வைரசும் உள்ள வந்தவுடன முதல் வேலையா இதத்தான் செய்யும். நீங்க ரெண்டு வருசமா வாசலைத் திறந்து போட்டுட்டு காவல்காரனை மற்றப் பக்கம் திருப்பி வச்சிருந்திருக்கீங்க. மகனை ஏசாதீங்க, ஏசினா அடுத்த முறை சொல்லாம மறைப்பான்.

எது நல்லம் எண்டு கேட்டதுக்கு என்ட முடிவு இது. எப்பவும் காவலுக்கு ஒண்டே ஒண்டு, அது டிபெண்டர் போதும், காசு தேவை இல்ல. அதோட மாசத்துக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்க மல்வெயார்பைட்ஸ் ஃப்ரீ. அது போட்டவுடன 14 நாள் பிரீமியமா ஓடும், அந்த நாள்ல டிபெண்டர ஒதுக்கிரும், அதால மல்வெயார்பைட்ஸ்ட செட்டிங்ஸ்ல விண்டோஸ் செக்யூரிட்டி சென்டர்ல தன்னைப் பதியிற ஒப்ஷன ஓஃப் பண்ணுங்க. குரோம்ட தேடுற பக்கத்த மாத்திப் போடுறது, டூல்பார் மாதிரியானதுக்கு அட்வ்கிளீனர், 2016ல அதையும் மல்வெயார்பைட்ஸ்தான் வாங்கினது, இன்ஸ்டோல் கூட பண்ணத் தேவை இல்ல. ஸ்பைபொட் ஒரு காலத்தில தங்கம், நானே எத்தனை கஸ்டமருக்குப் போட்டிருக்கன், இப்ப ஃப்ரீயில ரியல்டைம் காவல் இல்ல, அப்டேட்டும் கையால பண்ணணும். சூப்பர் ஆன்டிஸ்பைவெயார் காட்டின 300ம் அநேகமா டிரக்கிங் குக்கீதான், விளம்பரக்காரன்ட துண்டுச்சீட்டு மாதிரி, திறந்து பாருங்க, பேர் தெரியும்.

செய்யிற ஒழுங்கு: பேப்பர், மார்க்ஸ் ஷீட், படம் மட்டும் பென்ட்ரைவுக்கு எடுங்க, செட்டப் ஃபைல் ஒண்டும் வேணாம். ஸ்பைபொட்ல இம்யூனைஸ் (கெட்ட சைட்டுகளை முன்கூட்டியே தடுக்கிறது) பண்ணியிருந்தா முதல்ல அத அன்டூ பண்ணிட்டு அதையும் சூப்பரையும் கழட்டுங்க. எக்ஸ்க்ளூஷன் ரெண்டையும் நீக்குங்க, டிபெண்டர்ட செட்டிங்ஸ வேற புரோகிராம் மாத்தாம தடுக்கிற டாம்பர் புரொடெக்ஷன் ஓன் பண்ணுங்க, அப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோலுக்குள்ள ரெப்யூட்டேஷன் எண்ட இடத்தில வேண்டாத அப்புகளைத் தடுக்கிற பொட்டென்ஷியலி அன்வோண்டட் அப் புளொக்கிங்கையும் ஓன் பண்ணுங்க. டிபெண்டர் அப்டேட், அதுக்குப் பிறகு ஃபுல் ஸ்கான். மறுகா அட்வ்கிளீனர், மல்வெயார்பைட்ஸ். கடைசியா டிபெண்டர் ஒஃப்லைன் ஸ்கான், மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறுறதுக்கு முந்தியே தேடும், ஒரு 15 நிமிசம் போகும், கரண்ட் போற நேரம் பாத்து செய்யாதீங்க.

இந்த வேலை எல்லாம் முடியிற வரைக்கும் அந்தக் கொம்பியூட்டர்ல ஒரு பாஸ்வேர்டும் அடிக்காதீங்க. போன்ல இருந்து பாஸ்வேர்ட மாத்துங்க, ஜிமெயில் முதல், பிறகு பேஸ்புக், பிறகு பேங்க். ஜிமெயில், பேஸ்புக் ரெண்டுலயும் எல்லா டிவைசையும் லொக் அவுட் பண்ணுங்க, லொகின் ஆகி இருக்கிறத ஞாபகம் வைக்கிற குக்கீயத் திருடினவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது.

கல்லாறு ரீச்சர்:
மூணு நாளாப் போச்சு பதில் எழுத, ஃபுல் ஸ்கானுக்கே நாலு மணித்தியாலம் எடுத்திட்டு. பச்சை டிக் காட்டின அதே டிபெண்டர் இந்த முறை 6 பிடிச்சது, ஒண்டு அந்த அக்டிவேட்டர், ஒண்டு மகன்ட மொட், மற்றதுகள்ட பேரைப் பாத்தா பாஸ்வேர்ட் திருடுற ரகம் எண்டு போட்டிருக்கு. பேஸ்புக்ல நான் போகாத நாடு ஒண்டுல இருந்து லொகின் ஆகி இருந்த, எடுத்திட்டன், பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேக்கிற டூ ஸ்டெப்பும் போட்டன். குரோம் சிங்க்க ஓஃப் பண்ணிட்டு எக்ஸ்டென்ஷன அழிச்ச, இப்ப கூகிள்தான் வருது.

நானா, இப்ப "அக்டிவேட் விண்டோஸ்" எண்டு மூலையில எழுத்து நிக்கிது. அதோட விண்டோஸ் 10 முடிஞ்சிட்டு எண்டும் சொல்றாங்க, இனி ஃபோர்மட் வேணுமா?

காத்தான்குடி ரிப்பேர்:
பாஸ்வேர்ட் திருடுறது ஓடியிருக்கெண்டா என்ட மனச்சாட்சிக்கு, ஓம், வேணும். ஆனா கடைட பழைய பென்ட்ரைவால இல்ல. மைக்ரோசொஃப்ட் சைட்டுல, விண்டோஸ் போடுற பென்ட்ரைவ் செய்யிற மீடியா கிரியேஷன் டூல் சும்மா கிடக்கு, 8 ஜிபி பென்ட்ரைவ் காணும், சுத்தமான ஒரு கொம்பியூட்டர்ல வச்சு செய்யணும். பிராண்ட் மெஷின் எண்டா பழைய லைசன்ஸ் பதிஞ்சு இருந்தாலும் இரிக்கும், நெட் குடுத்தவுடன தானா அக்டிவேட் ஆகிரும். ஆகாட்டியும் வோல்பேப்பர் மாத்த ஏலாது, அந்த எழுத்து நிக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சது உண்மை, டிபெண்டருக்கு வைரஸ் விபரம் 2028 ஒக்டோபர் மட்டும் வரும் எண்டு சொல்லியிருக்காங்க. நாலாம் ஜெனரேஷன விண்டோஸ் 11 ஏத்துக்காது. பேங்க் வேலைய மட்டும் போன்ல வச்சிருங்க.

கல்லாறு ரீச்சர்:
லீவு விட்டவுடன செய்யிறம், மகன் தானே இருந்து செய்யப் போறானாம். பென்ட்ரைவுக்கு எடுத்த மார்க்ஸ் ஷீட்டுல ஒண்டும் ஒட்டிக்கிட்டு வராதா?

காத்தான்குடி ரிப்பேர்:
டிபெண்டரால பென்ட்ரைவையும் ஒருக்கா ஸ்கான் பண்ணுங்க. எக்செல் திறக்கக்குள்ள மேல மஞ்சள் பட்டியில "எனேபிள் கன்டென்ட்" எண்டு கேட்டா அமத்த வேணாம், அமத்தினா ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புரோகிராம் ஓடலாம். சாதாரண மார்க்ஸ் ஷீட்டுக்கு அது தேவைப்படாது, கேட்ட ஃபைல்ட பேர இங்க போடுங்க, பாப்பம்.