ரப்சர் டிஸ்க்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே அழுத்தம்: ரியாக்டரை ஓட்டலாமா?

கேள்வி – ஷிப்ட் பொறியாளர்
வணக்கம். எங்களிடம் 3,000 லிட்டர் கண்ணாடிப் பூச்சு ரியாக்டர் ஒன்று இருக்கிறது. மெத்தனாலில், 85 டிகிரியில், வெப்பம் கக்கும் வினை நடக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து வழிவிடும் தகடான ரப்சர் டிஸ்க், அதன்மேல் சேஃப்டி வால்வு, இரண்டும் 3.5 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்கு. நடுவிலிருக்கும் கேஜ் எப்போதும் பூஜ்யத்தில் நிற்கும். சில நாட்களாக அது மெல்ல ஏறி 1.1 கிலோவைக் காட்டுகிறது. பராமரிப்புப் பிரிவில், "கேஜ் பழுது, இல்லாவிட்டாலும் ரியாக்டர் 6 கிலோ தாங்கும், ஓட்டு" என்கிறார்கள். ஓட்டலாமா?

பதில் – பராமரிப்புக்காரர்
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள்: வினை முடிந்து அழுத்தம் இறங்கிய பிறகும் கேஜ் 1.1-இலேயே நிற்கிறதா, இறங்குகிறதா?

ஷிப்ட் பொறியாளர்
வினை முடிந்ததும் வாக்குவம் போட்டு மெத்தனாலை வடித்தெடுப்போம். அப்போது முள் மெதுவாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த பாட்ச் சூடாகும்போது மறுபடி ஏறுகிறது.

பராமரிப்புக்காரர்
அப்படியானால் கேஜ் பழுதில்லை. பழுதான கேஜ் ரியாக்டரின் பின்னாலேயே ஏறி இறங்காது. 85 டிகிரியில் மெத்தனாலின் ஆவி அழுத்தமே ஏறக்குறைய அந்த அளவுதான். ரியாக்டரின் அழுத்தம்தான் உள்ளே கசிந்து வந்திருக்கிறது. மெதுவாக ஏறுவதால் டிஸ்க் முழுதாக உடையவில்லை, ஊசித்துளையோ மயிரிழை வெடிப்போ இருக்கும். டிஸ்க்கின் விளிம்போடு ஒரு தகட்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வாக்குவம் தாங்கும் அமைப்பு பற்றி ஏதாவது பொறித்திருக்கிறதா பாருங்கள்.

பதில் – வடிவமைப்புப் பக்கம்
"6 கிலோ தாங்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன், அதுதான் ஆபத்தானது. டிஸ்க் இரு பக்க அழுத்த வேறுபாட்டுக்குத்தான் உடையும். மேலே 1.1 அடைபட்டிருந்தால் ரியாக்டரில் 4.6 வந்தால்தான் உடையும். நடுவில் இன்னும் ஏறினால் அதற்கும் மேலே போகும். மெத்தனாலில் 3.5 கிலோ என்பது ஏறத்தாழ 107 டிகிரி, 4.6 என்பது 114. பத்து டிகிரிக்கு வினை வேகம் இரட்டிக்கும் என்ற தோராயக் கணக்கில், டிஸ்க் திறக்கும் நேரத்தில் வினை ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ரியாக்டர் தாங்குமா என்பதல்ல கேள்வி. திறக்கும்போது வெளியேற்ற வேண்டியதை அந்தக் குழாய் வெளியேற்றுமா என்பதுதான்.

2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 ஆலையில் குளிரூட்டல் நின்று ரியாக்டர் வெடித்தது. 4 பேர் இறந்தார்கள். அங்கே டிஸ்க் 400 பிஎஸ்ஐக்கு, அதாவது சுமார் 28 கிலோவுக்கு வைக்கப்பட்டிருந்தது. அது திறந்தபோது வினை கைமீறியிருந்தது. குறைந்த அழுத்தத்தில், ஆரம்பக் கட்டத்திலேயே திறந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பதே விசாரணை வாரியத்தின் பார்வை.

இன்னொன்று: உங்கள் சேஃப்டி வால்வின் அளவை எதற்காகக் கணக்கிட்டார்கள்? வெளித் தீக்கு, வெறும் ஆவிக்கு என்றால் போதாது. வேகமாகக் கொதிக்கும் திரவம் பால் பொங்குவதுபோல் எழும்பி, ஆவியோடு கலந்தே குழாயில் ஏறும். அதற்கு வேண்டிய குறுக்குப் பரப்பு பல மடங்கு அதிகம். இதை ஆராயவே அமெரிக்க வேதிப்பொறியாளர் கழகம் 1976-இல் டையர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரியாக்டரை எவ்வளவு நிரப்புகிறீர்கள்?

ஷிப்ட் பொறியாளர்
85 சதவீதம். கணக்குத்தாளைத் தேடினேன், "தீ, ஆவி மட்டும்" என்றுதான் எழுதியிருக்கிறது.
மேலாளரிடம் காட்டி ரியாக்டரை நிறுத்திவிட்டோம். சீட்டில் வாக்குவம் தாங்கி பற்றி ஒன்றும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றினால் அதன் புடைத்த பகுதியான குமிழின் ஓரத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. மடிப்பின் முனையில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு கீறல்.

பராமரிப்புக்காரர்
வாக்குவம் குமிழை உள்ளே இழுக்க, அழுத்தம் திரும்ப வெளியே தள்ள, மடிந்து மடிந்து வெடித்திருக்கிறது. அதே டிஸ்க்கையே மாற்றினால் அதே கதிதான். வாக்குவம் தாங்கியுள்ளதாகவோ, எதிர்த்திசைக் குமிழ் வகையாகவோ கேளுங்கள். பொருத்தும்போது அம்புக்குறி வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும்.

ஷிப்ட் பொறியாளர்
புது டிஸ்க் வர மூன்று வாரம் என்கிறார்கள். அதுவரை நடுவிலுள்ள சிறு வால்வைத் திறந்தே வைத்து ஓட்டலாம் என்று ஒரு யோசனை.

வடிவமைப்புப் பக்கம்
கூடாது. அந்த வால்வு வழியே தளத்தில் வருவது மெத்தனால் ஆவி. தீயும் பிடிக்கும், மூச்சிலும் ஏறும். குழாய் போட்டுப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனாலும் வெடித்த டிஸ்க் வெடித்ததுதான். ஒரு பாட்சின் நடுவே முன்கூட்டியே கிழிந்தால் மொத்தச் சரக்கும் வெளியே போகும். மூன்று வாரத்தில் சேஃப்டி வால்வின் அந்தக் கணக்கை இரு கட்டப் பாய்வுக்கு, அதாவது திரவமும் ஆவியும் கலந்து பாய்வதற்கு, திருத்தச் சொல்லுங்கள். கலவையின் வெப்பத்தை ஆய்வகக் கலோரிமீட்டரில் அளந்த பிறகுதான் அதைச் செய்ய முடியும். இன்றே மாதிரி அனுப்பினால் நல்லது.

ஷிப்ட் பொறியாளர்
நன்றி சார். மாதிரி நாளைக் காலை போகிறது. வெளியேற்றக் குழாய் நேரே கூரைக்கு மேல் போகிறது, வெளியேறும் திரவத்தைப் பிடிக்கக் கீழே பிடிதொட்டி கிடையாது. கணக்கோடு அதையும் சேர்த்துக் கேட்கிறேன்.