சுத்தம் செய்வது உருளைக்கிழங்கா, மண்வெட்டியா?

மண்வெட்டி: புதிதாக அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலம்) கிடைத்த ஒரு தம்பி, எந்த உருளைக்கிழங்கு ரகம் போடலாம் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இங்கே ஒரு பெரியவர், "முதல் வருடம் இடம் முழுக்க உருளை நடு, அதுவே மண்ணைச் சுத்தம் செய்துவிடும்" என்று பதில் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் மண்ணைத் தொட்ட நாளிலிருந்து கேட்டுப் புளித்த பேச்சு இது. நடும்போது கொத்துகிறோம், மண் அணைக்கும்போது கொத்துகிறோம், கிழங்கு எடுக்கும்போது மறுபடி கொத்துகிறோம். இத்தனை கொத்து வாங்கினால் எந்த நிலமும் சுத்தமாகும். பெயர் மட்டும் கிழங்குக்கு!

பழைய வரப்பு: அந்தப் பெரியவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். உருளைச் செடி தழைத்துப் படர்ந்தால் கீழே வெயில் விழாது. வெயில் இல்லாமல் களை எப்படி வரும்? என் கைக்கு வந்தபோது இடுப்பளவு புல் நின்ற இடம் அது. மாரிஸ் பைப்பர் ரக உருளை போட்டேன். அடுத்த வருடம் அதே இடத்தில் வெங்காயம், ஒரு களை இல்லை.

மண்வெட்டி: புல்லை வெட்டிக் கொத்தியது யார்?

பழைய வரப்பு: நான்தான். அதனால் என்ன?

மண்வெட்டி: ஒன்றுமில்லை. கிழங்கு வந்து மண்வெட்டி பிடித்ததோ என்று நினைத்தேன்.

கீரைப்பாத்தி: அந்தத் தம்பி ரகம்தானே கேட்டார்? ராக்கெட் மாதிரி முதல் பருவ ரகம் பத்து வாரத்தில் கைக்கு வரும். ஷார்லட்டுக்குப் பதின்மூன்று. மாரிஸ் பைப்பர் இருபது வாரம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், அதற்குள் பிளைட் என்கிற அழுகல் நோய் வந்துவிட்டால் போச்சு. முதல் பருவத்தை ஜூலைக்குள் எடுத்துவிட்டு அதே பாத்தியில் வெங்காயத்தாள் மாதிரியான லீக் நடலாம், ஓரத்தில் வெந்தயக்கீரை தூவலாம்.

பழைய வரப்பு: வெந்தயக்கீரை மண்ணைச் சுத்தம் செய்யுமா அக்கா?

கீரைப்பாத்தி: நான் அப்படிச் சொல்லவே இல்லையே!

மண்வெட்டி: கொத்தினால் செய்யும்.

நத்தைவேட்டை: புல்தரையைப் புரட்டிய முதல் வருடமே உருளை நட்டால் வயர்வோர்ம் துளைத்துவிடும். நாலைந்து வருடம் மண்ணுக்குள்ளேயே இருக்கிற புழு அது. போதாக்குறைக்கு மாரிஸ் பைப்பர் என்றால் நத்தைகளுக்கு விருந்து. பேசாமல் சார்ப்போ மிரா போடச் சொல்லுங்கள், பிளைட்டை நன்றாகத் தாங்கும்.

பழைய வரப்பு: சார்ப்போ மிராவைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சோப்புக்கட்டி. மாரிஸ் பைப்பர் 1966இல் வந்தது, இன்றுவரை அசைக்க ஆளில்லை. வேரில் முட்டை கட்டும் நூற்புழுவையே தாங்கும் ரகம் ஐயா அது.

மண்வெட்டி: மஞ்சள் நூற்புழுவைத் தாங்கும். வெள்ளை நூற்புழுவைத் தாங்காது. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவது உங்கள் பழைய வழக்கம். போன வருடம் "நல்ல விதைக்கிழங்கு" என்று ஒரு பை கொடுத்தீர்களே, சமையலறையில் முளைத்த கடைக்கிழங்கு! அழுகியதையெல்லாம் வேலியோரம் குவித்து வைத்தீர்கள். அங்கிருந்து வந்த பிளைட்தான் என் தக்காளியை முடித்தது.

பழைய வரப்பு: பிளைட் காற்றில் வரும். என் வேலியைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று சட்டமா? என் தள்ளுவண்டியை முதலில் திருப்பிக் கொடுங்கள், அப்புறம் தக்காளிக் கணக்குப் பார்க்கலாம்.

மண்வெட்டி: சக்கரம் கழன்ற வண்டிக்குப் பெயர் தள்ளுவண்டியா? சரி, பேச்சை மாற்ற வேண்டாம். சுத்தம் செய்வது கிழங்கா, மண்வெட்டியா?

நத்தைவேட்டை: பைண்ட்வீட் என்கிற கொடிக்களை உள்ள இடத்தில் இரண்டும் இல்லை. வேரை வெட்ட வெட்ட ஒவ்வொரு துண்டும் தனிக்கொடியாகக் கிளம்பும்.

மண்வெட்டி: சரியாகக் கொத்தத் தெரியாதவர் சொல்வது அது. நான் தோட்டத்து முள்கரண்டியால் வேரை முழுசாகக் கிளப்புகிறவன்.

நத்தைவேட்டை: ஓ, இப்போது மண்வெட்டி போய் முள்கரண்டி வந்துவிட்டதா?

மண்வெட்டி: இரண்டையும் பிடிப்பது கைதான். கிழங்கு இல்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கீரைப்பாத்தி: அந்தத் தம்பி இன்னும் இருக்கிறாரா, ஓடிவிட்டாரா?

புதுப்பாத்தி: இருக்கிறேன். தம்பி இல்லை, தங்கை. எனக்குக் கிடைத்தது அரை இடம்தான், இங்கே அலாட்மென்டை அளக்கும் பழைய கணக்கில் ஐந்து ராட். அதில் முக்கால்வாசிக்குக் கறுப்பு விரிப்பு போட்டு மூடிவிட்டேன். மீதியில் ஷார்லட் இரண்டு வரிசை, பூண்டு, பீன்ஸ். ஷார்லட்டுக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும்?

பழைய வரப்பு: பார்த்தீர்களா! கறுப்பு விரிப்பு என்றால் என்ன? நிழல். உருளைச் செடி தருவது என்ன? அதே நிழல். பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை.

கீரைப்பாத்தி: செடிக்குச் செடி ஓர் அடி, வரிசைக்கு இரண்டு அடி விடும்மா.

மண்வெட்டி: விரிப்பை விரித்தது யார்?