பொருள்: "எதிர்ப்பொருள் வடிகட்டி"யா, "பற்றுச் சவ்வு"வா?

அன்புள்ள ஐயா,

நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) மட்டும் பிடித்து நீக்கும் "அஃபினிட்டி மெம்பிரேன்" என்ற சவ்வுக்கு நீங்கள் தந்த "எதிர்ப்பொருள் வடிகட்டி" என்ற சொல் கேட்டவுடன் புரிகிறது. நான் "பற்றுச் சவ்வு" என்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம். வடிகட்டி என்றால் பெரியது மேலே தங்கும், சிறியது இறங்கிவிடும். இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் சவ்வு அப்படித்தான் வேலை செய்கிறது. இரத்த அணுக்கள் நின்றுவிடும், மற்றதெல்லாம் கடந்துவிடும். நாம் பேசும் சவ்விலோ துளைகள், இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐஜிஜி வகை எதிர்ப்பொருளைவிடப் பெரியவை. அது தாராளமாக உள்ளே நுழையும். துளைச் சுவரில் ஒட்டவைத்திருக்கும் "புரதம் ஏ" (எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பாக்டீரியப் புரதம்) போன்ற மூலக்கூறு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆல்புமினும் உறைதல் காரணிகளும் நோயாளிக்கே திரும்பும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் இவையும் சேர்ந்து போய்விடுவதால்தான் வெளியிலிருந்து ஆல்புமினோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காகவே வந்த கருவி இது. சொல்லில் அது தொலைந்துவிடக் கூடாது.

"அஃபினிட்டி"க்குப் பாடநூல்களில் நாட்டம் என்றுதான் இருக்கிறது. எலக்ட்ரான் நாட்டம் எல்லோரும் படித்ததே. அந்த வழியில் நண்பர் ஒருவர் தந்த "நாட்டச் சவ்வு" தவறில்லை. ஆனால் நாட்டம் விருப்பத்தோடு நின்றுவிடுகிறது. பற்று விருப்பத்தையும் சொல்லும், பிடிப்பையும் சொல்லும். அடுத்த படிக்கும் அதுவே கைகொடுக்கும்: நிறைந்துபோன சவ்வில் அமிலக் கரைசலை ஓட்டினால் எதிர்ப்பொருள் கழன்றுவிடும். அதைப் "பற்றுவிடல்" எனலாம்.

கணக்கில் பற்று வரவு இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். சவ்வு என்று சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் எழாது.

சவ்வு அல்லாத கருவிகளுக்கும் இந்தச் சொல் நீளும். ஸ்டாக்ஹோமில் 2001 முதல், இரத்த வகை பொருந்தாத சிறுநீரக மாற்றுக்கு முன் ஏ அல்லது பி வகைச் சர்க்கரை மூலக்கூறை ஒட்டிய மணிகள் நிறைந்த குழலில் பிளாஸ்மாவை ஓட்டி, அந்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருளை மட்டும் நீக்கினார்கள். அது "பற்றுக் குழல்". மணிக்குள் எதிர்ப்பொருள் மெல்லப் பரவிச் சேர வேண்டும். சவ்வில் ஓட்டமே அதைத் துளைச் சுவருக்குக் கொண்டுபோய்விடும்.

ஒட்டவைத்த மூலக்கூறுக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. "பற்றி" என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது. "பற்றுமூலக்கூறு" நீளம். உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா? அப்புறம், இலங்கையில் "பிறபொருளெதிரி" என்று எழுதுகிறார்கள். கலைச்சொல் பட்டியலில் எதிர்ப்பொருளுக்குப் பக்கத்திலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.