டிவியில் வசனம் காணோம்: கட்சியா, சென்சாரா, கத்தரியா?

மேட்டினி ஷோ கேட்டது:
ஒரு அரசியல் படம். சென்சார் சான்றிதழில் 165 நிமிடம் என்று இருக்கிறது, ஓடிடியிலும் அதே 165. டிவியில் ஒளிபரப்பானபோது விளம்பர இடைவேளையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால் 158 நிமிடம் சொச்சம்தான். ஏழு நிமிடம் எங்கே போனது? கூடவே, ஓடிடியில் தெளிவாகக் கேட்கும் ஒரு வசனம் டிவியில் ஊமையாகப் போகிறது. ரசிகர் குழுவில் எல்லாரும் ஆளுங்கட்சி அழுத்தம் என்கிறார்கள். நிஜமாகவே வெட்டினார்களா, வெட்டியது யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

25ஃபிரேம்:
முதலில் அந்த ஏழு நிமிடத்தைக் கட்சிக்காரர்கள் தலையில் கட்டாதீர்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், நம் ஊர் டிவி 25. 24-ல் எடுத்ததை அப்படியே 25-ல் ஓட்டினால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 165-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள்: 158.4. உங்கள் கணக்கு அச்சு அசலாக அதுதான். ஒரு ஃபிரேம்கூட வெட்டாமலே இந்த வித்தியாசம் வரும்.

சந்தேகம் தீர ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளத்திலிருந்து கடைசித் தாளம் வரை ஸ்டாப்வாட்சில் அளங்கள். ஓடிடியில் 250 நொடி என்றால் டிவியில் 240 வரவேண்டும். இன்னும் இரண்டு இடங்களில், வெட்டே இருக்க வாய்ப்பில்லாத காட்சிகளாகப் பார்த்து, இதேபோல அளங்கள். மூன்றிலும் விகிதம் 0.96 என்றால் வேகம்தான் காரணம். காதிலும் பிடிபடும்: குரல் அரை சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறியிருக்கும். ஆனால் சுருதியைச் சரிசெய்து ஒளிபரப்புவதும் உண்டு என்பதால் காதை மட்டும் நம்ப முடியாது. சில பிரதிகளில் வேகத்தைக் கூட்டாமல் ஃபிரேமை இரட்டிப்பார்கள். அப்போது விகிதம் 1 வரும். அப்படி வந்து நேரமும் குறைந்தால், அது வெட்டேதான்.

ரீல் பெட்டி:
அண்ணே சொன்னது சரி. ஆனால் நிஜமான வெட்டும் நடக்கும், அதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்லாட், அதாவது படத்துக்குச் சேனல் ஒதுக்கும் நேரம். கேபிள் டிவி விதிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. மூன்று மணி நேர ஸ்லாட்டில் 12 நிமிடத்தையும் நிரப்பினால் படத்துக்கு மிஞ்சுவது 144 நிமிடம். உங்கள் 158-ல் இன்னும் 14 போகவேண்டியிருக்கும். கத்தரி முதலில் விழுவது பாட்டின் இரண்டாவது சரணத்திலும் தனி காமெடி டிராக்கிலும்தான். கதைக்குத் தேவையில்லை என்று அரசியல் மேடைக் காட்சியும் போவதுண்டு, ரசிகர்களுக்குக் கோபம் வருவது அங்கேதான். விளம்பரம் முடிந்து படம் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். முந்தைய காட்சி பாதியில் நின்றிருக்கும், திரும்பும்போது வேறு இடத்தில் நிற்பார்கள்.

ஊமையான வசனம் வேறு கதை. அந்த நொடியில் பின்னணி இசை தொடர்கிறதா? தொடர்ந்தால், வசன டிராக் தனியாகக் கையில் இருப்பவர்கள், அதாவது படத் தயாரிப்புத் தரப்பே, செய்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். இசையோடு சேர்த்து மொத்த ஒலியும் செத்துப்போனால், வசனமும் இசையும் கலந்து முடித்த மிக்ஸில் கை வைத்திருக்கிறார்கள். சேனலாக இருக்கலாம், கடைசி நேரத்தில் சென்சாருக்காக அவசரமாகச் செய்ததாகவும் இருக்கலாம். தியேட்டர் பிரதியிலும் ஊமை என்றால் சேனலைத் திட்டிப் பயனில்லை.

தணிக்கை எண்:
ஓடிடியை ஒப்பீட்டுக்கு எடுப்பதிலேயே ஒரு தவறு இருக்கிறது. ஓடிடிக்குத் தணிக்கை வாரியச் சான்றிதழ் தேவையில்லை, அது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருகிறது. தயாரிப்பாளர் விரும்பினால் வெட்டாத பிரதியையே கொடுப்பார். ஆகவே ஓடிடியில் கேட்பது தியேட்டரில் இருந்தே தீரவேண்டும் என்றில்லை. 165 ஒத்துப்போனாலும் இதுதான் நிலை, ஊமையாக்கினால் நீளம் குறையாதே.

படத்தின் தொடக்கத்தில் காட்டும் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். இடது கீழ் மூலையில் முக்கோணம் இருந்தால் வாரியம் வெட்டச் சொல்லியிருக்கிறது என்று பொருள். எதை வெட்டினார்கள் என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு சொல்லை ஊமையாக்கினாலும் வாரியத்திடம் தெரிவித்துப் பதிவு செய்யவேண்டும்.

‘ஏ’ படம், அதாவது வயது வந்தோருக்கு மட்டுமான படம் என்றால் இன்னொரு படியும் உண்டு. அதை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கவேண்டும். 2023 சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டம் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. உங்களுடையது யு/ஏ என்றால் இந்தக் கவலை இல்லை.

மேட்டினி ஷோ:
பாட்டை அளந்தேன், 0.96. மற்ற இரண்டு இடங்களிலும் அதேதான். யு/ஏ படம், முக்கோணம் இருக்கிறது. ஊமை இடத்தில் இசை தொடர்கிறது. அப்படியானால் கட்சி அழுத்தம் என்பதே கட்டுக்கதையா?

தெற்கு வீதி:
கட்டுக்கதை இல்லை தோழர், இடம்தான் வேறு. அழுத்தம் டிவிக்கு வரும்வரை காத்திருக்காது, தியேட்டர் வாசலிலேயே வந்துவிடும். 2013-ல் ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் வாங்கிய படம். மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டுத் தமிழ்நாட்டில் நிறுத்தினார்கள். 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ அதிமுகவினர் போராட்டத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே மாறியது: இலவசப் பொருட்களைத் தீயில் எறியும் காட்சி போனது, ஜெயலலிதாவைக் குறிப்பதாக அவர்கள் சொன்ன ‘கோமளவல்லி’ என்ற பெயர் ஊமையானது. இரண்டுமே வாரியம் முதலில் அனுமதித்தவை. மாறாக 2017-ல் ‘மெர்சல்’ ஜிஎஸ்டி வசனத்துக்காகச் சான்றிதழையே ரத்து செய்யக் கேட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சட்டம் இதில் தெளிவு. 1989-ல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில், போராட்ட மிரட்டலைக் காரணம் காட்டிப் படத்தை முடக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வழக்கில் ஜெயிப்பதற்குள் முதல் வார வசூல் போய்விடும். அதனால்தான் தயாரிப்பாளர் தானாகவே கத்தரியை எடுக்கிறார், இசை தொடரும் ஊமை பல நேரம் அப்படி வருவது.

உங்கள் படத்துக்கு இனி பார்க்கவேண்டியது சான்றிதழின் இரண்டாம் பகுதி. அந்த வசனம் அங்கே பட்டியலில் இருந்தால் சென்சார். இல்லையென்றால் தியேட்டர் பிரதியில் அது கேட்டதா என்று முதல் நாள் பார்த்தவர்களிடமும் இரண்டாவது வாரம் பார்த்தவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

25ஃபிரேம்:
கேட்கும்போது வசனத்தை நீங்களே சொல்லிக் கேட்காதீர்கள். ஓடிடியில் பார்த்த நினைவை வைத்துத் தியேட்டரில் கேட்டதாகச் சத்தியம் செய்வார்கள்.