புள்ளியியல் துறையைத் தரவு அறிவியல் பள்ளியோடு இணைக்கப் போகிறார்களாம், கமிட்டி முன்னால் என்ன வைப்பது?

மலைக்கோட்டைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், எது என்று மட்டும் கேட்காதீர்கள். பாடப்பிரிவுகளை மறுஆய்வு செய்ய ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் மூன்றையும் சேர்த்துத் தரவு அறிவியல் பள்ளி ஆக்குவது, எங்கள் எம்.எஸ்சி.யை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் எம்.எஸ்சி. தரவு அறிவியல் தொடங்குவது, இதுதான் திட்டம். காரணம் சேர்க்கை. இந்த வருடம் பாதி இடம்கூட நிரம்பவில்லை, அது உண்மைதான். ஆனால் நிரந்தர ஆசிரியர்கள் இரண்டே பேர். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் போட்டுப் பல வருடம் ஆகிறது, மீதி வகுப்பெல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில்தான்.

கமிட்டி கேட்டிருப்பது ஒரே ஒரு பக்கப் படிவம். மொத்த இடங்கள், சேர்ந்தவர்கள், தேர்ச்சி விகிதம், வேலைவாய்ப்பு. உளவியல், வணிகவியல், உயிர்த் தொழில்நுட்பம் என்று வெளித் துறைகளுக்கெல்லாம் புள்ளியியல் பேப்பர் நாங்கள்தான் எடுக்கிறோம், அதை எழுத அதில் கட்டமே இல்லை. மொத்தமாக எதிர்ப்பதா, நிபந்தனையோடு ஒத்துக்கொள்வதா? பட்டு அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்:

தம்பி, கட்டம் இல்லாவிட்டால் பின்னிணைப்பாக வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. உங்கள் எம்.எஸ்சி.க்கு எத்தனை மணி, வெளித் துறைகளுக்கு எத்தனை மணி என்று கால அட்டவணையோடு, அந்தந்தத் துறைத் தலைவர் கையெழுத்தோடு கொடுங்கள். எம்.எஸ்சி.யை மூடினாலும் வெளித் துறைகளுக்கு எடுக்கிற அந்த மணிகள் எங்கேயும் போகாது. நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர் சம்பளமும் அப்படியே இருக்கும். அப்புறம் மிச்சப்படுவது என்ன, கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுக்கிற தொகுப்பூதியம்தானே? அதைக் கமிட்டியே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் பட்டத்தின் பெயர். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதுகலைப் பட்டமே புள்ளியியலில் இருக்க வேண்டும். பி.எஸ்சி.யில் வேறு பாடம் படித்துவிட்டு உங்களிடம் வருகிற பிள்ளைக்குச் சான்றிதழில் "தரவு அறிவியல்" என்று போட்டுக் கொடுத்தால் அந்தக் கதவு அடைபடலாம். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்விலும் இதே தொல்லைதான், பெயர் கொஞ்சம் மாறினாலும் இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம் என்கிற இணைத்தன்மை அரசாணை எங்கே என்பார்கள், பிள்ளைகள் அதை வாங்கத் தலைமைச் செயலகத்துக்கும் உயர்கல்வி மன்றத்துக்கும் நடையாய் நடப்பார்கள். பள்ளிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், பட்டத்தின் பெயரில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

நேர்_பேச்சு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஐ.டி.யில் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறேன். புள்ளியியல் முதுகலை முடித்து வருபவர்களில் நிறைய பேருக்குக் கருதுகோள் சோதனை மனப்பாடமாகத் தெரிகிறது, ஒரு நிஜமான டேட்டாவைக் கையில் கொடுத்தால் விடுபட்ட மதிப்புகளை என்ன செய்வது என்று முழிக்கிறார்கள். பாடத்திட்டத்தைக் கடைசியாக உருப்படியாக மாற்றியது எப்போது? மறுஆய்வே வேண்டாம் என்று நின்றால் மாணவர்கள் பக்கம் நிற்பதாக ஆகாது. பாதி காலியாக ஓடுகிற படிப்பை மக்கள் வரிப்பணத்தில் அப்படியே ஓட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும்.

கடல்_தாண்டி:

அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2023-ல் நடந்ததைப் பாருங்கள், அதுவும் அரசுப் பல்கலைதான். சுமார் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை என்றார்கள். மாணவர் எண்ணிக்கை கூடும் என்று முன்பு நம்பியது நடக்கவில்லை, குறைந்துகொண்டே போனது. வெளி ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்து, ஆகஸ்டில் 32 பாடப்பிரிவுகளும் 169 ஆசிரியர் பணியிடங்களும் போகும் என்று அறிவித்தார்கள். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து போராடினார்கள், ஆசிரியர்கள் கூடிப் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீ மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே போட்டார்கள். செப்டம்பர் 15-ல் ஆட்சிக் குழு வாக்களித்தபோது 28 பாடப்பிரிவுகள், 143 பணியிடங்கள் என்று கொஞ்சம் இறங்கினார்கள், அவ்வளவுதான். கணிதத்தில் பிஎச்.டி.யே போனது. உலக மொழிகள் துறையைக் கலைத்துவிட்டு, ஸ்பானிஷும் சீனமும் எடுக்கச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்று. அங்கே அறிவிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவில் துறைகள் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது, 32 என்பது 28 ஆனதும் அந்த இடைவெளியில்தான். உங்கள் கமிட்டியில் அப்படி ஒரு கட்டம் உண்டா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

பழைய_வாத்தியார்:

நம்மூரில் மேல்முறையீடு என்றால் செய்தித்தாள்தான்! 2023 மே மாதம் அண்ணா பல்கலைக்கழகம் 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்துவதாகச் சொன்னது, காரணம் சேர்க்கை குறைவு. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே வாபஸ். தமிழ் என்பதால் அத்தனை பேரும் பேசினார்கள். புள்ளியியலுக்கு யார் பேசுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துக்காரன்:

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணாமலைப் பல்கலை நிதி நெருக்கடியில் சிக்கி 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிட்ட ஆசிரியர்களைப் பணி நிரவலில் மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள், மற்ற ஊழியர்களை வேறு வேறு அரசுத் துறைகளுக்கு. வேலை போகவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் அயல்பணியில் போனவர் எந்த ஊர் ஆள், எங்கே சீனியாரிட்டி, எப்போது திரும்புவார் என்ற குழப்பம் லேசில் தீராது. அதனால் இணைப்புக்கு ஒத்துக்கொண்டால் உங்கள் பணியிடம் புள்ளியியல் பணியிடமாகவே நீடிக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொதுவாகப் "பள்ளியின் பணியிடம்" என்று எழுதிவிட்டால், நாளைக்கு நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்குக் கணினி ஆள்தான் வருவார்.

செக்‌ஷன்_டேபிள்:

நான் ஆசிரியர் இல்லை, பதிவாளர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவன். இரண்டு விஷயம்.

ஒன்று, "மூடல்" என்று எழுத விடாதீர்கள், "இந்தக் கல்வியாண்டு சேர்க்கை நிறுத்திவைப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். நிறுத்திவைத்ததை அடுத்த வருடம் ஒரு குறிப்பில் திறந்துவிடலாம். மூடியதைத் திறக்கப் பாடத்திட்டக் குழுவில் தொடங்கி எல்லாப் படியும் மறுபடி ஏற வேண்டும்.

இரண்டாவது, இந்த மாதிரி விஷயங்கள் கல்விப் பேரவை அஜெண்டாவில் முன்கூட்டியே வராது. கூட்டம் நடக்கும்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டேபிள் ஐட்டமாக ஒரு தாளை நீட்டுவார்கள், பசியில் எல்லோரும் தலையாட்டுவார்கள், மினிட்ஸில் "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று ஏறிவிடும். உங்கள் துறைத் தலைவர் அன்றைக்கு லீவு போடாமல் இருக்கட்டும், மாற்றுக் கருத்தை வாயால் சொல்லிவிட்டு வராமல் கையெழுத்துப் போட்ட கடிதமாகக் கொடுக்கட்டும்.

மலைக்கோட்டைவாசி:

எல்லோருக்கும் நன்றி. நேர்_பேச்சு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பாடத்திட்டத்தில் ஆர், பைத்தான் ஆய்வகத்தைக் கட்டாயமாக்கி ஒரு வரைவு போட்டு அதையும் பின்னிணைப்போடு வைக்கப் போகிறேன். பட்டத்தின் பெயர் விஷயம் எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடப் பேசாதது, அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். செக்‌ஷன்_டேபிள் சார், போன வருடத்து மினிட்ஸ் நகல் தகவல் அறியும் உரிமையில் கேட்டால்தான் கிடைக்குமா, சும்மா கேட்டாலே கொடுப்பீர்களா?

செக்‌ஷன்_டேபிள்:

துறைத் தலைவர் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். தேதி போட்டு முத்திரையோடு ரசீது வாங்க மறக்காதீர்கள்.