கழற்றி மாட்டும் இறாக்கை: உங்கள் கடையில் என்ன நடந்தது?

கோட்டுப்படம் எழுதியது:

மனதில் கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். தலவாக்கலையில் ஒரு சில்லறைக் கடை. முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் இருக்கும், பின்பக்கம் தூணில் நிற்கும், அந்த மாதிரிக் கட்டடம் உங்களுக்குத் தெரியும். மரப்பெட்டியும் சாக்குமாக இருந்த கடைக்குச் சாமான் அடுக்கும் ஸ்டீல் இறாக்கை வரைந்து கொடுத்தேன். ஒவ்வொன்றும் 3 அடி நீளமாகப் பத்துக் கட்டம், தட்டு அகலம் 12 அங்குலம், தட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் கொக்கியை மாட்ட நிமிர்ந்த சட்டத்தில் 25 மி.மீ.க்கு ஒரு துளை. அந்த 25க்காகத்தான் சண்டையே போட்டேன். 50 மி.மீ. துளை உள்ளது விலை குறைவு என்றார் முதலாளி. இல்லை அண்ணே, சாமான் உயரம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு விரலளவு ஏற்றி இறக்க வசதி வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

ஏழு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்திய வாரம் போனேன். நாலாவது தட்டில் 400 கிராம் பால்மா பக்கெட் எல்லாம் குப்புறப் படுத்துக் கிடக்கின்றன. நிற்க வைக்க இரண்டு விரல் உயரம் போதவில்லை. மேல்தட்டை இரண்டு துளை ஏற்றினால் தீர்ந்தது. காட்டித் தருகிறேன் என்று பிராக்கெட்டைத் தூக்கினேன், அசையவில்லை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பிராக்கெட்டையும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்று முறுக்கிக் கட்டியிருக்கிறது. கடைசிச் சட்டத்தின் மேல் துளையில் கொக்கி போட்டு வாழைக்குலை தொங்குகிறது. அவ்வளவு துளைகளில் அவர் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தியது அந்த ஒன்றைத்தான்.

"கழன்று வரும்போல இருந்திச்சு தம்பி. தச்சு பாஸைக் கூப்பிட்டுக் கட்டிப்போட்டேன். இப்ப நல்லா ஸ்ட்ரோங்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். தேத்தண்ணியும் கொடுத்தார். எனக்குத்தான் இறங்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

கொப்பிக்கடை எழுதியது:

உங்களுடையது நிற்கவாவது நிற்கிறது. என்னுடையது நுவரெலியாவில், சிப்போர்ட், அதுதான் மரத்தூளை அமுக்கிய பலகை. பக்கச் சட்டத்தில் 32 மி.மீ.க்கு ஒரு 5 மி.மீ. துளை, பின்னைச் செருகித் தட்டை வைக்கும் முறை. நானே அளவு போட்டேன். 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் 800க்கு 300 மி.மீ. என்று வெட்டினால் வாள் தின்னும் 3 மி.மீ. போகப் பன்னிரண்டு தட்டு வரும், மிச்சம் ஓரத்துண்டுதான். அந்தக் கணக்கு சரியாக வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள்.

ஜனவரியில் பாடசாலை திறக்கும்போது கடை நிரம்பி வழிந்தது. ஒரு ரீம் ஏ4 ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. தட்டுக்கு மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஐந்து, கிட்டத்தட்ட 38 கிலோ. தட்டு தாங்கியது. போனது கால். இங்கே 1868 மீட்டரில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து போகும், பையன் தினமும் காலையில் ஈரத்துணியால் தரையைத் துடைப்பான். பக்கச் சட்டத்தின் அடி வெட்டுக்கு மட்டும் நான் ஓரத்தை மூடும் எட்ஜ் பட்டி ஒட்டவில்லை. தரையைப் பார்த்த பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன். ஒருநாள் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன், 18 மி.மீ. பலகை அடியில் மட்டும் என் பெருவிரல் அகலத்துக்கு ஊதியிருக்கிறது. நகத்தால் தொட்டேன். தேத்தண்ணியில் நனைத்த மாரி பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.

அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு கதை இல்லை.

கம்பளை பாஸ் எழுதியது:

முதலில் எழுதிய தம்பிக்கும் கொப்பிக்கடைக்காரருக்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஸ்டீலும் வேண்டாம், மரத்தூளை அமுக்கிய பலகையும் வேண்டாம். மலைநாட்டுக்கு மரம்தான். நான் முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். டர்பன்டைன் மரத்துப் பலகை நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து, இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துப் போட்டால் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

கழற்றி மாட்டுவது இப்போது வந்த புதுமையும் இல்லை. பழைய கடைகளுக்குப் பலகைக் கதவு பார்த்திருப்பீர்கள். மேலும் கீழும் காடி, ஒவ்வொரு பலகையாகச் செருக வேண்டும், நடுவில் இரும்புப் பட்டை, பூட்டு. நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு கடைக்கு அப்படிப் பதினாலு பலகை. உட்பக்கம் உளியால் எண் வெட்டியிருக்கும். ஒரு மழை இரவு கடைப் பையன் அவசரத்தில் 7ஐயும் 8ஐயும் மாற்றிச் செருகிவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒரே பலகைதான், ஆனால் கடைசிப் பலகை அரை அங்குலம் உள்ளே போக மறுக்கிறது. பூட்ட முடியவில்லை. முதலாளி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், பையன் அழுகிறான், என் குரு டோர்ச் அடித்து ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டே வருகிறார். 8இல் கை நின்றதும் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த எண்களை வெட்டியவன் நான். பலகையை இழைக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்தையும் பக்கத்துப் பலகையின் ஓரத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி விட்டிருந்தேன்.

ஸ்டீலில் இந்தக் கைப்பொருத்தம் வருமா சொல்லுங்கள்?

இரும்பு அட்டன் எழுதியது:

பாஸ், உங்கள் கதையே உங்களுக்கு எதிராக அல்லவா நிற்கிறது? 7ம் 8ம் மாறினால் கடை பூட்டாது என்றால் அது என்ன கழற்றி மாட்டும் பொருள்? எந்தத் தட்டும் எந்த இடத்திலும் உட்கார வேண்டும், அதற்குத்தான் அளவு என்று ஒன்று இருக்கிறது. டர்பன்டைன் பற்றிப் பேச வேண்டாம். எங்கள் வீட்டு அலமாரிக் கதவு அதில்தான் செய்தது, மாரிக்கு ஒரு பக்கம் முறுக்கும், கோடைக்கு மறுபக்கம்.

என் அனுபவம் சின்னது. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் சனி. ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் தட்டு. கீழ்த்தட்டில் பெட்டி அடுக்கிய பையன் நிமிரும்போது அவன் முதுகு மேல்தட்டின் முன்விளிம்பில் பட்டுத் தூக்கியது. பிராக்கெட்டின் பூட்டுப்பின் போடவில்லை. வலப்பக்கக் கொக்கி துளையைவிட்டு மேலெழுந்து, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு போத்தல் ஒவ்வொன்றாக வந்தது. ஒரேயடியாக விழுந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றாக.

அதனால் சொல்கிறேன், புதிதாகக் கடை போடுகிறவர்கள் கவனியுங்கள். பூட்டுப்பின் சின்னச் சாமான்தான், பொலித்தீன் பையில் வரும், ஆட்கள் அந்தப் பையை லாச்சியில் போட்டுவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். தட்டு நீளம் 3 அடிக்கு மேல் போகாதீர்கள். 4 அடியாக்கினால் சட்டம் மிச்சம் என்று நினைப்பு, ஆனால் அதே மாதிரி நெருக்கி அடுக்கினால் நடுவில் தொய்வு மூன்று மடங்குக்கும் மேலே போகும். போத்தல் என்றால் 3 அடிக்குப் பத்து, உள்ளே மூன்று வரிசை, முப்பது போத்தல், 45 கிலோ. அதை ஆசைக்காக மேலே வைக்காமல் கீழ்த்தட்டில் வையுங்கள், பிஸ்கட்டை மேலே ஏற்றுங்கள். தகடு மெல்லியதாகத் தெரிந்தால் தட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு மடிப்புப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள், தடிப்பான தகட்டைவிட அது மலிவு.

நம் ஊர்க் கடைத் தரை எதுவும் மட்டம் இல்லை. எங்கள் கடையில் முன்னுக்கும் பின்னுக்கும் 22 மி.மீ. வித்தியாசம். ரசமட்டம் வைக்காமல் சட்டத்தை நிறுத்தினால் இரண்டு பக்கத் துளையும் நேருக்கு நேர் வராது, தட்டு நாலு கொக்கியில் மூன்றில்தான் உட்காரும், நாலாவது சும்மா தொங்கும். கால் திருகைத் திருப்பிச் சரிக்கட்டுங்கள், அட்டைத்துண்டு சொருகாதீர்கள், ஈரத்தில் அட்டை கூழாகிவிடும். சுவரோரத்தில் நிற்பதைச் சுவரோடு போல்ட் போடுங்கள். கொழும்பில் மூடிய கடையின் பழைய இறாக்கையை லொறியில் அள்ளி வருகிறவர்களே, ஒரு கம்பனியின் கொக்கி மற்றக் கம்பனியின் துளையில் போகும், ஆனால் உட்காராது. போவது வேறு, உட்காருவது வேறு. இன்னொன்று, வாங்கும்போதே பிராக்கெட் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கோட்டுப்படம் எழுதியது:

அண்ணே, இதெல்லாம் எனக்குத் தெரியும். பூட்டுப்பின் போட்டுத்தான் கொடுத்தேன். நான் கேட்டது அதில்லையே. கழற்றலாம் என்று தெரிந்தும் ஏன் கழற்றவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

பதுளை பஸ்ஸ்டாண்ட் எழுதியது:

எங்கள் கடை 9 அடி அகலம். இரண்டு பக்கச் சுவரிலும் இறாக்கை, நடுவில் இருபக்கம் தட்டு வைத்த ஒரு வரிசை, அதன் முனையில் சலுகைச் சாமானுக்கு ஒரு தனித் துண்டு. வரைபடத்தில் நடப்பதற்கு இடம் தாராளமாக இருந்தது. தோளில் அரிசி மூட்டையோடு நாட்டாமி திரும்புவதற்கு வரைபடத்தில் யார் இடம் வைத்தார்கள்? முதல் நாளே மூட்டையின் பின்பக்கம் அந்த முனையில் மோதியது. மூட்டை மறைத்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆள் என்று நினைத்து, "மன்னிச்சுக்கங்க அம்மா" என்றார். சவர்க்காரம் பொலபொலவென்று விழுகிறது, அவர் இன்னும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முனைத்துண்டை அன்றைக்கே எடுத்துவிட்டோம். இப்போது அது வீட்டில் செருப்பு வைக்க.

வளையல்கடை எழுதியது:

கோட்டுப்படம் தம்பிக்கு. கம்பி கட்டினவர்களில் நானும் ஒருத்தி. பண்டாரவளையில் ஃபேன்சி கடை. எனக்கு யாரும் பாஸ் வந்து கட்டவில்லை, நானே குறடு வைத்துக் கட்டினேன்.

நீங்கள் இரண்டு துளை ஏற்றினால் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, ஒரு தட்டை ஏற்றினால் அதற்கு மேலே இருக்கிற தட்டில் உயரம் குறையும். அதையும் ஏற்ற வேண்டும். அப்புறம் அதற்கு மேலே உள்ளதை. கடைசித் தட்டு என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். நான் 4 அடி 11, கடைப் பிள்ளைகள் என்னைவிடக் குட்டை. இதெல்லாம் செய்ய முதலில் தட்டைக் காலியாக்க வேண்டும். எங்கே வைப்பது? வழியிலா? காலை எட்டு மணிக்குத் தோட்டத்து பஸ் வந்து நின்றால் ஆட்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

ஒருநாள் இரவு கடை அடைத்த பிறகு தனியாக முயற்சி செய்தேன். உங்களைப் போல வரைந்து கொடுத்த பையன் ஒரு கையால் தூக்கிக் காட்டினான், இலேசாகத்தான் இருந்தது. காலித் தட்டில் காட்டினான். நான் பாதி வளையலை எடுத்துவிட்டு, மீதி இருக்கட்டும் என்று இடப்பக்கத்தைத் தூக்கினேன். அது வந்தது. வலப்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கையை விட முடியாது, மறுபக்கம் போகவும் முடியாது. போன் மேசையில். தட்டைத் தாங்கிக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, வளையல் மெதுவாகச் சரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே. முதல் வளையல் உடைந்த சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. அடுத்த நாள் குறடும் கம்பியும் வாங்கினேன்.

உங்கள் முதலாளியும் ஒரு இரவு அப்படி நின்றிருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கம்பளை பாஸ் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. மரமாக இருந்தால் ஒரு பக்கம் தூக்கினாலும் மறுபக்கம் மாட்டாது. தட்டு சும்மா ஆப்பின் மேல் உட்கார்ந்திருக்கும்.

இரும்பு அட்டன் எழுதியது:

சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் ஆபத்து பாஸ். சித்திரைச் சனிக்கிழமைக் கதையைத் திரும்ப வாசியுங்கள்.

கோட்டுப்படம் எழுதியது:

அக்கா எழுதியதை நாலு தரம் வாசித்தேன். போயா விடுமுறை அன்று மத்தியானம் கடை அடைத்த பிறகு தலவாக்கலைக்குப் போனேன். ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம் அண்ணே என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே குறடு எடுத்துக் கொடுத்தார். நான் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். ஐந்து தட்டு, பத்துப் பிராக்கெட். கம்பி அறுத்து, சாமான் இறக்கி, ஏற்றி, அடுக்கி முடிக்க ஐம்பது நிமிடம். இரண்டு பேர், வாடிக்கையாளர் இல்லை, தரை காய்ந்திருந்தது.

நடுவில், மூன்றாவது தட்டை இருவரும் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டேன்: "முன்னே நீங்க தனியாத் தூக்கிப் பார்த்தீங்களா அண்ணே?" அவர் பதில் சொல்லவில்லை. இடது கை மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். தட்டு விளிம்பு கீறிய தழும்பு, வெள்ளையாக, இரண்டு அங்குலம் இருக்கும்.

பால்மா இப்போது நிற்கிறது. மேல்தட்டில் டின் மீன் இரண்டடுக்காக இருந்தது, ஒற்றை அடுக்காகிவிட்டது. முடிந்ததும் அவர் கம்பிச் சுருளை நீட்டி, "கட்டிருவோம் தம்பி" என்றார். நானே கட்டினேன். மூன்று சுற்று.