மும்பை மெட்ரோ மூன்றாம் வழித்தடத்தில் வயதான பெற்றோரை எங்கெங்கே சாப்பிட அழைத்துப் போகலாம்?

மரோல் மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாக மரோல் நாக்காவில் வசிக்கிறேன். அடுத்த மாதம் நாகர்கோவிலிலிருந்து என் பெற்றோர் வந்து ஐந்து நாள்கள் எங்களுடன் தங்க இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. 1970களின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் தென் மும்பையின் கோட்டைப் பகுதியில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து, மாட்டுங்காவில் மூன்று பேருடன் ஓர் அறையில் தங்கியிருந்தவர். திருமணத்துக்கு முந்தைய அந்த நாள்களைப் பற்றி, குறிப்பாகச் சாப்பிட்ட இடங்களைப் பற்றி, அவர் சொல்லாத நாளே இல்லை. அம்மா இதுவரை இரண்டு முறை மும்பை வந்தும் அந்தேரிக்குத் தெற்கே எதையும் பார்த்ததில்லை. முதல் முறை புறநகர் ரயிலில் ஏறும்போது கூட்டத்தில் தள்ளுண்டு ஒரு செருப்பைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டு வெறுங்காலுடன் வீடு திரும்பியவர், அதற்குப் பிறகு ரயில் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது மூன்றாம் வழித்தடம் தெற்குக் கோடியில் உள்ள கஃப் பரேட் வரை ஓடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிடம் நடந்தால் நிலையம். மின்தூக்கி இருக்கிறது, குளிர்சாதன வசதி இருக்கிறது, கதவு மூடித்தான் வண்டி புறப்படுகிறது. இதில் அம்மா தயங்காமல் வருவார் என்று நம்புகிறேன். ஆகவே இந்தப் பாதையில் இறங்கி, அதிகம் நடக்காமல் சென்று சாப்பிடக்கூடிய நல்ல உணவகங்களைச் சொல்லுங்கள். இருவரும் சைவம், அம்மா முட்டையும் சேர்க்க மாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர்கள் தங்கும் நாள்களில் ஓர் ஏகாதசியும் வருகிறது. அன்று அம்மா அரிசிச் சோறு உண்ண மாட்டார். சர்ச்கேட் பக்கம் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்த கடை ஒன்றை அப்பா அடிக்கடி சொல்வார்; அது இன்னும் இருக்கிறதா என்பதையும் தெரிவித்தால் மகிழ்வேன்.

கோட்டைப்பகுதி ஊழியர்

வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் அப்பாவுக்கு நல்ல செய்தி. அவர் சொல்வது சர்ச்கேட்டில் பிரேபோர்ன் மைதானக் கட்டடத்தின் கீழே இருக்கும் கே. ருஸ்தமாகத்தான் இருக்க வேண்டும். 1953இல் தொடங்கிய கடை, இன்றும் இருக்கிறது. அவர் பிஸ்கட் என்று சொல்வது மெல்லிய வேஃபர். அவற்றுக்கு நடுவில் செவ்வகமாக வெட்டிய ஐஸ்கிரீம் கட்டியை வைத்துத் தருவார்கள். அமர்ந்து சாப்பிடும் இடமன்று. வாங்கியவுடன் ஓரமாக நின்று சாப்பிட வேண்டும், அதுவும் விரைவாகச் சாப்பிட வேண்டும். முதலில் வேஃபரின் விளிம்புதான் நமத்து வளையும், அதற்குள் நான்கு பக்கமும் சுற்றிக் கடித்துக்கொண்டு வந்தால் கையில் வழியாது. சர்ச்கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தாலும் அப்பாவுக்குச் சிரமம் இராது.

இந்தப் பாதையின் 27 நிலையங்களில் சாப்பாட்டுக்காக இறங்கத் தகுந்தவை தாதருக்குத் தெற்கேதான் செறிந்திருக்கின்றன. பத்து ஆண்டுகளாகக் கோட்டையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: நிலையங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இறங்கிச் சாப்பிடத் திட்டமிடாதீர்கள். ஒவ்வோர் உணவகத்துக்கும் ஒரு பொழுது இருக்கிறது. காலை உணவுக்கு உரிய இடத்துக்கு மாலையில் போனால் நல்ல பண்டம் தீர்ந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணிக்கு மேல் பாத்திரம் கழுவும் ஓசைதான் கேட்கும். எந்த வேளைக்கு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ரயில் உங்களை முன்னும் பின்னும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மரோலிலிருந்து தென் மும்பையில் உள்ள கிர்காவ் போவதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

காலை வேளைக்குத் தாதர். மெட்ரோவிலிருந்து மேலே வந்து, சிவசேனா பவனுக்கு எதிரில் இருக்கும் ஆஸ்வாதுக்குச் செல்லுங்கள். மிசல் அங்கே புகழ்பெற்றது. 2015இல் லண்டனில் வழங்கப்பட்ட ஃபுடி ஹப் விருதுகளில் சிறந்த சைவ உணவாக அது தேர்வானது. மட்கி என்று மராத்தியில் சொல்லும் நரிப்பயற்றை முளைகட்டி, காரக் குழம்பில் வேகவைத்து, மேலே மிக்சரும் பச்சை வெங்காயமும் தூவித் தருவார்கள். ஊரில் முளைப்பயறு சுண்டல் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அம்மாவுக்கு அந்தக் காரம் ஒத்துவராது என்றால் தாலிபீட் வாங்கிக் கொடுங்கள்; பல தானிய மாவில் கையால் தட்டிய அடைதான் அது.

ஏகாதசி அன்றும் தாதரே நல்லது. கோகலே சாலையில் பிரகாஷ் சாகாஹாரி உபஹார் கேந்திராவில் கிடைக்கும் ஜவ்வரிசி வடையை விரத நாள்களில் மராத்தியர்கள் தேடிப்போய்ச் சாப்பிடுவார்கள். ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய் ஆகியவற்றால் ஆனது. அரிசியும் பருப்பும் இல்லை. கூடவே பியுஷ் என்னும், தயிரில் செய்த இனிப்பான, கெட்டியான பானத்தையும் வாங்கிக் கொடுங்கள். ஒரு கோப்பையை இருவர் பகிர்ந்துகொண்டாலே போதும்.

மதியத்துக்குக் கல்பாதேவி நிலையத்தில் இறங்கி, தாதிசேட் அகியாரி சந்தில் இருக்கும் ஸ்ரீ தாக்கர் போஜனாலயத்துக்குப் போகலாம். 1945 முதல் குஜராத்தி தாலி பரிமாறும் இடம். உட்கார்ந்தவுடன் கிண்ணங்கள் நிரம்பத் தொடங்கும். தட்டின் மேல் கையை விரித்து மறைத்தால்தான் பரிமாறுகிறவர் நகர்வார். பருப்பில் வெல்லம் இருக்கும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாம்பாரை எதிர்பார்த்து முதல் வாய் வைப்பவர்களின் முகம் சுருங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபுல்கா ரொட்டியை நெய்யுடன் அந்தப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டால் ஏன் வெல்லம் சேர்க்கிறார்கள் என்பது புரியும். குளிர்காலத்தில் வந்தால் ஊந்தியு என்னும் பல காய்கறிக் கூட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுங்கா முதியவள்

அம்மா மரோல் மகளே, முன்னால் எழுதிய தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் தாக்கர் போஜனாலயம் மாடியில் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டார். முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் படிகள் முக்கியமான செய்தி. நானே சென்ற ஆண்டு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். ஏற முடிந்தால் அவசியம் போங்கள். அன்று நடக்க வேண்டிய மற்ற இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற முடியாது என்று தோன்றினால் அதற்கு ஈடாக ஒன்று சொல்கிறேன்.

தார்தேவில் ஸ்வாதி ஸ்நாக்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, 1963இல் தொடங்கப்பட்டது. மும்பை சென்ட்ரலுக்கான ஜகந்நாத் சங்கர்சேட் நிலையத்தில் இறங்கி ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே பான்கி என்று கேளுங்கள். அரிசி மாவைத் தயிரில் கரைத்து, வாழையிலைத் துண்டின் மேல் மெல்லப் பூசி, இன்னொரு துண்டால் மூடிக் கல்லில் சுட்டு, இலையுடனேயே கொண்டுவந்து வைப்பார்கள். மேலிலையை நாம்தான் பிரிக்க வேண்டும். இலை கருகி ஓரத்தில் பழுப்பேறியிருக்கும்; பிரிக்கும்போது ஆவியும் இலைமணமும் சேர்ந்து எழும்; உள்ளே காகிதம்போல மெல்லியதாக இருக்கும் பண்டத்தின் மேல் வாழையிலையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். நாகர்கோவில் பக்கத்தில் இலையப்பம் செய்து வளர்ந்த உன் அம்மாவுக்கு இதைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை, பிரித்தவுடனேயே புரிந்துகொள்வார். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் மூவருக்கும் ஒரே சமயத்தில் சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரவழையுங்கள்.

அடுத்தது, அப்பாவின் மாட்டுங்கா. புதிய பாதை மாட்டுங்காவைத் தொடவில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாக இங்கே வாழும் என் போன்றோருக்கு அது கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாததுதான். என்றாலும் தாதரில் இறங்கி டாக்ஸியில் வந்துவிடலாம். அவர் இங்கே தங்கியிருந்த ஆண்டுகளில் மதியமோ இரவோ ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் சாப்பிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். தனியாகத் தங்கி வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் பலரையும் ஊட்டி வளர்த்த இடம் அது. 1942இல் தொடங்கியது. இன்றும் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே சந்தைக் கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறது. இங்கேயும் படிகள் உண்டு. ஆனால் அவர் ஏறுவார். பழைய சாப்பாட்டுக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறவருக்குக் கால் வலி அவ்வளவாகத் தெரியாது. இலைச் சாப்பாடு கேட்டு வாங்கி அவரை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

மரோல் மகள்

அம்மா, மிக்க நன்றி. நேற்று இரவு தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அங்கே மாதச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கணக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். இன்னும் ஒரு கேள்வி. இரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய பழைய இரானி உணவகம் ஒன்றுக்காவது அம்மாவை அழைத்துப்போக விரும்புகிறேன். முட்டை சேர்க்காதவர் அங்கே என்ன சாப்பிட முடியும்?

தாராவி நெல்லைக்காரர்

வணக்கம். நான் அசைவம் சாப்பிடுகிறவன் என்பதால் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். இரானி உணவகம் என்றதும் எழுதுகிறேன். 1904 முதல் இயங்கும் கியானிக்குப் போங்கள். மெட்ரோ திரையரங்குக்கு எதிரே இருக்கிறது. கல்பாதேவி நிலையத்திலிருந்து நடந்துவிடலாம், படியேற வேண்டியதில்லை. அம்மாவுக்கு வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் இரானி தேநீரும் சொல்லுங்கள். பன்னை வாங்கும்போதே முட்டை சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பால்கோவா சேர்த்த மாவா கேக்கின் மணம் ஆளை இழுக்கும். அதில் முட்டை உண்டு, ஆகவே அம்மாவுக்கு வேண்டாம். காலையில் பன் புதிதாக இருக்கும்போது போவதே முறை. பளிங்குக்கல் மேசையும் வளைந்த மர நாற்காலியும் உங்கள் அப்பா பார்த்த பம்பாயை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும். அங்கிருந்து பிரின்சஸ் தெருவுக்கு வந்தால் 1916இல் தொடங்கிய பார்சி டெய்ரி ஃபார்ம்; அதன் குல்ஃபியை இருவருமே சாப்பிடலாம்.

அசைவம் சாப்பிடும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரிகள். பல்லார்ட் எஸ்டேட்டில் 1923 முதல் இருக்கும் பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ் சாப்பிடுங்கள். சோற்றின் மேல் தூவும் புளிப்பான சிவப்புப் பழம் இரானிலிருந்து வருவது. மட்டனின் கொழுப்பைச் சரியாக அறுத்துவிடும். அது மதிய உணவுக்கான இடம். மீனுக்கு ஹுதாத்மா சௌக்கில் இறங்கிக் கோட்டையில் இருக்கும் மகேஷ் லஞ்ச் ஹோமுக்குப் போகலாம். மங்களூர் கஸ்ஸியின் தேங்காய்க் குழம்பு நம் ஊர்க் குழம்புக்கு வெகு தூரமில்லை.

பலரும் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நிலையமான கஃப் பரேட்டில் இறங்கினால் கொலாபாவின் உணவகங்கள் வாசலிலேயே இருக்கும் என்று எண்ணிப் போய் வெயிலில் நடந்து களைக்கிறார்கள். கொலாபா காஸ்வே அங்கிருந்து நல்ல தூரம். முதியவர்களுடன் செல்கிறவர்கள் சர்ச்கேட்டில் இறங்கி டாக்ஸி பிடிப்பதே மேல்.

கோட்டைப்பகுதி ஊழியர்

படிகளைக் குறிப்பிடாமல் விட்டதற்கு மன்னிக்கவும். மாட்டுங்கா அம்மாவுக்கு நன்றி. கோட்டைக்கு எந்த நாளில் போவது என்பதையும் கவனியுங்கள். வேலை நாள்களில் ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை அலுவலகக் கூட்டம் நிற்க இடம் தராது. ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகங்களோடு சேர்ந்து பல சாப்பாட்டுக் கடைகளும் மூடியிருக்கும். எனவே சனிக்கிழமை பொருத்தமாக இருக்கும். காலை நெரிசல் குறைந்த பிறகு, பத்தரை மணிக்கு மேல் மரோலில் ஏறுங்கள். முழுப் பாதைக்கும் கட்டணம் 70 ரூபாய்தான் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை.

மரோல் மகள்

பெற்றோர் நேற்று ஊருக்குப் புறப்பட்டார்கள். நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையன்று. நான்கு நாள்களில் நான்கு முறை மெட்ரோவில் சென்றோம்; இரண்டாம் நாளிலிருந்து அம்மா எங்களுக்கு முன்பாகவே நடைமேடையில் போய் நின்றார். தாக்கர் போஜனாலயத்தை அப்பாவின் காலுக்காக விட்டுவிட்டோம். ஸ்வாதியில் அம்மா பான்கியின் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாவில் தயிரின் புளிப்பு எவ்வளவு, கல்லின் சூடு எவ்வளவு என்று பரிமாறியவரிடம் என் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்கு இலைகள் சாப்பிட்டார். ஏகாதசியன்று தாதரில் ஜவ்வரிசி வடை அவருக்கு மிகவும் பிடித்தது. பியுஷ் இனிப்பு அதிகம் என்று எனக்கே தந்துவிட்டார்.

ராமா நாயக்கின் படிகளை அப்பா நிற்காமல் ஏறினார். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபோது, தான் வழக்கமாக உட்கார்ந்த வரிசை எது என்று அம்மாவுக்குக் கையைக் காட்டிச் சொன்னார். ரசம் இரண்டு முறை வாங்கினார்.

ருஸ்தமுக்குக் கடைசி நாள் மாலை போனோம். அப்பா மாம்பழ ஐஸ்கிரீம் வாங்கினார். ஓரமாக நின்று, விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கடித்துச் சாப்பிட்டார். இந்தத் தம்பி எழுதியதைப் படித்துச் செய்கிறாரோ என்று நினைத்தேன், ஆனால் அவருக்கு நான் அதைக் காட்டவே இல்லை. கியானிக்குப் போக நேரம் போதவில்லை. பொங்கலுக்குப் பிறகு வரும்போது முதல் நாள் காலையிலேயே அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.